தாம்பரம் வட்டாரத்தில் தேவி பாராயணம்: காப்பு வேண்டும் துதிகளின் வரலாறு

அம்பிகையின் துதியை ஓதுவார்க்கு ஆபத்து அணுகாது என்னும் நம்பிக்கை தமிழகத்தில் மிகப் பழமையானது; சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் கொற்றவையைப் பரவுமிடத்திலேயே அதன் வேரைக் காண்கிறோம். ஆயினும் அத்துதி யாருடைய நாவில், எந்த அச்சத்தை முன்னிட்டு ஒலித்தது என்பது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தை ஆராயத் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த புறநகர்களும் தக்க களமாகும்.

இவ்வூர்கள் செங்கற்பட்டு ஜில்லாவின் சிற்றூர்களாக இருந்த நாளில் மக்கள் பெரிதும் நடுங்கியது வைசூரிக்கே. ஒரு வீட்டில் அம்மை கண்டால், வாசல் நிலையில் வேப்பிலை செருகி, அடுக்களையில் தாளிப்பை நிறுத்தி, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து மாரியம்மன் தாலாட்டைப் படிப்பார்கள். நோயாக வந்த தேவியையே குழந்தையாகப் பாவித்துத் தாலாட்டி, அவளுடைய உக்கிரத்தைத் தணித்து, மனமிரங்கி இறங்கிவிடுமாறு வேண்டும் இப்பிரார்த்தனைக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன். 1899-இல் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்று கிண்டியில் நிறுவப்பெற்று, பின்னர் கிங் நிலையம் எனப் பெயர்பெற்ற ஆராய்ச்சிக் கூடம் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1975-இல் இந்தியாவின் கடைசி வைசூரி நோயாளி காணப்பட்டார். 1977-இல் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. வைசூரி ஒழிந்தும் வேப்பிலை ஒழியவில்லை. சின்னம்மை கண்ட வீடுகளில் இன்றும் அதனைக் காணலாம்.

மற்றொரு மரபு இதற்கு நேர்மாறாக இரகசியத்தில் வளர்ந்தது. அகத்தியருக்கு ஹயக்ரீவர் உபதேசித்ததாகக் கூறப்படும் லலிதா சகஸ்ரநாமத்தின் பலசுருதியே, ஸ்ரீவித்தையை அறியாதவனுக்கு இதனைச் சொல்லலாகாது என்று விதிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயர் அதற்கு ‘சௌபாக்கிய பாஸ்கரம்’ என்னும் பாஷ்யம் இயற்றியபோதும், அது தீட்சை பெற்ற உபாசகர்களின் தனிச்செல்வமாகவே இருந்தது.

அச்சுப் புத்தகம் அக்கதவைத் திறந்தது. ஒலிநாடா அதனை அகலத் திறந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், உத்தியோகத்தின் பொருட்டுத் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து வந்த பல குடும்பங்கள் இப்பாதையோரத்து மனைகளில் குடியேறின. அவர்களோடு திருக்கடையூர் அபிராமிபட்டரின் அந்தாதியும் வந்து, பிற்காலத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் வீடுதோறும் ஒலித்தது. நங்கநல்லூரில் பதினாறு படிகளைத் திதி நித்யா தேவியரின் படிகளாகக் கொண்ட இராஜராஜேசுவரி ஆலயமும், சேலையூரில் சாந்தானந்த சுவாமிகளின் ஸ்கந்தாசிரமத்தில் புவனேசுவரி சந்நிதியும் எழுந்தன. செவ்வாய்க்கிழமை மாலை மூன்றிலிருந்து நாலரை வரையிலான இராகுகாலத்தில் துர்க்கை சந்நிதிகளில் எலுமிச்சை மூடியில் நெய்விளக்கேற்றித் துதி படிக்கும் பெண்களில் தீட்சை பெற்றோர் மிகச் சிலரே. இதனை மரபின் வீழ்ச்சியென்று வருந்துவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை.

சண்டி பாராயணத்தின் முன்னங்கமாகிய தேவி கவசத்தைச் சற்று ஊன்றிப் பார்த்தால் இம்மாற்றத்தின் ஆழம் புலனாகும். தெற்கே வாராஹி காக்க, சிரசில் உமை காக்க என்று திசைதோறும் அங்கந்தோறும் ஒரு சக்தியைக் காவல் நிறுத்திச் செல்லும் அக்கவசம், வழியைக் காக்கச் சுபதையையும் மார்க்கத்தைக் காக்க க்ஷேமகரியையும் அழைத்து, புத்திரரை மகாலட்சுமியிடமும் மனைவியைப் பைரவியிடமும் ஒப்படைக்கிறது. மனைவியைக் காக்கவென்று ஓர் ஆண் தன் வாயால் வேண்டும் இச்சொற்களை, இன்று பெரும்பாலும் பெண்களே, வேலைக்கும் பள்ளிக்கும் புறப்பட்டுப் போனவர்கள் நலமே திரும்பவேண்டி, ஒரே குரலாக ஓதுகிறார்கள். மூலத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஓதுபவரும் அவரது அச்சமும் முற்றிலும் மாறிவிட்டனர்.

ஒரு குறை மட்டும் எனக்குண்டு. இக்கூட்டுப் பாராயணங்களில் சகஸ்ரநாமத்திற்கும் அந்தாதிக்கும் கிடைத்த ஆசனம் மாரியம்மன் தாலாட்டுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் தெருமுனைக் கோயில்களே அதற்கு இன்றுள்ள இடம். அங்கும் ஒலிபெருக்கியில் எல். ஆர். ஈஸ்வரியின் பாட்டு ஓய்ந்த பிறகுதான் அதன் முறை வருகிறது. அதனை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மூதாட்டிகள் இருக்கும்போதே அவர்கள் படிக்கும் பாடங்களை ஊர்வாரியாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.