எய்ட்ஸ் நோய்ச் சிக்கல்களும் மருத்துவப் படிமவியலும்

எச்.ஐ.வி. தொற்றால் நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு நுரையீரல், மூளை, வயிறு முதலிய இடங்களில் வரும் தொற்றுகளையும் புற்றுகளையும் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், அணுக்கதிர் ஸ்கேன் ஆகியவற்றால் கண்டறியும் துறை. படம் கிருமியைக் காட்டுவதில்லை. எங்கே, எதைத் தேடலாம் என்பதையே சொல்கிறது.

நுரையீரல்: 1981 ஜூன் 5 அன்று வெளியான அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலிசில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா கண்டதாகத் தெரிவித்தது. இந்த நிமோனியாவில் இரு நுரையீரல்களின் நடுப்பகுதியிலிருந்தும் பனிமூட்டம் போன்ற மங்கல் பரவும். ஆனால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு (சில ஆய்வுகளில் இன்னும் கூடுதலானோருக்கு) எக்ஸ்ரேயில் குறையே தெரியாது. மூச்சுத் திணறலோடு வந்தவரின் படம் சுத்தமாக இருந்தால் கேலியம்-67 அணுக்கதிர் ஸ்கேன் எடுத்தனர். முடிவுக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். கப்போசி சார்க்கோமா என்னும் புற்று பொதுவாகக் கேலியத்தை ஏற்காது, தாலியத்தை ஏற்கும். இவ்வேறுபாடே அதற்கு ஒரு தடயமாயிற்று. பின்னர் நுண்பகுப்பு சி.டி. பரவியதும் கேலியம் வழக்கொழிந்தது.

மூளை: மருந்து செலுத்தி எடுத்த படத்தில் ஓரம் வளையமாக ஒளிரும் கட்டி தெரிந்தால் டாக்சோபிளாஸ்மா தொற்றா, லிம்ஃபோமா என்னும் புற்றா என்ற கேள்வி எழும். கட்டிகள் பலவாய் மூளையடி முடிச்சுகளில் இருந்தால் முன்னது; ஒன்றேயாய் மூளை அறைகளின் ஓரத்தில் இருந்தால் பின்னது என்பர். விதிவிலக்குகள் ஏராளம். ஆகவே மண்டையைத் துளைத்துத் திசு எடுப்பதற்கு முன் டாக்சோபிளாஸ்மா மருந்தைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் படம் எடுப்பது வழக்கமாயிற்று. கட்டி சுருங்கினால் விடை கிடைத்துவிடும். தாலியம்-201 ஸ்கேனில் லிம்ஃபோமா ஒளிரும் என்றாலும், அதை மட்டும் நம்பலாமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. வெண்பொருளை அரிக்கும் பி.எம்.எல். நோயை எம்.ஆர்.ஐ.யே தெளிவாகக் காட்டுகிறது; புண் பெரிதாக இருந்தாலும் அருகிலுள்ள பகுதிகளை அது பெரும்பாலும் அழுத்துவதில்லை.

காசநோய்: 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செ. நிர்மலாவும் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர், இந்தியாவில் முதலில் பதிவானது அதுவே. இந்நாட்டில் இத்தொற்றுடன் பெரிதும் சேர்ந்துவருவது காசநோய். சி.டி.4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழ் இறங்கினால் மேல்நுரையீரல் குழி என்ற பழகிய அடையாளம் அரிதாகிறது; நடுமார்பு நெறிக்கட்டிகளும் தினை அளவுப் புள்ளிகளும் மிகுகின்றன.

வயிறு: பித்தநாளச் சுருக்கம், மண்ணீரல் நுண்சீழ்க்கட்டிகள் ஆகியவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் பயன்படுகிறது.

1996க்குப் பின்: கூட்டு மருந்துச் சிகிச்சையால் இச்சிக்கல்கள் குறைந்தன. சிகிச்சை தொடங்கியதும் எதிர்ப்பாற்றல் மீள்வதால் படம் மோசமாவதும் உண்டு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்குக் காசநோய் எக்ஸ்ரேயைக் கணினி படிக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது; ஆனால் எச்.ஐ.வி. உள்ளோரிடம் அதன் துல்லியம் குறையக்கூடும் என்ற கருத்தும் உண்டு.