கையுறைக்குள் இருந்த கைகள்

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மஸ்ஜித் இந்தியா வெறிச்சோடியது. ஏப்ரலில் அங்குள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் இரண்டையும் முள்கம்பி போட்டு அடைத்தார்கள். உள்ளே பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மே 1 அன்று குடிநுழைவுத் துறை அங்கே சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துப் போனது. தொழிலாளர் தினம் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலும்.

இதே மாதிரி ஆட்கள்தான் கிள்ளானில் அத்தியாவசியமானவர்கள். உலகத்தின் ரப்பர் கையுறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு மலேசியாவில் செய்யப்பட்டன. ஊரே அடங்கியிருக்க, அந்த ஆலைகள் ஓடின. பீங்கான் கைகள் ரப்பர் பாலில் வரிசையாக முங்கி எழும். சூளைச் சூட்டோரம் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் நின்றார்கள். அவர்களில் பலர் முதலில் அடைக்க வேண்டியது ஊரில் ஏஜெண்டுக்காக வாங்கிய கடனை. பால்மரம் சீவ வந்த நம்ம தாத்தாக்களுக்கும் கங்காணியின் முன்பணத்தில்தானே கணக்கு தொடங்கியது! விடுதியும் லயம்தான். என்ன, கட்டிலுக்கு மேல் கட்டில். அதில் எங்கே போய் ஒரு மீட்டர் இடைவெளி விடுவது?

நவம்பர் 23. டாப் குளோவ் நிறுவனத்தில் சோதித்த 5,767 பேரில் 2,453 பேருக்குத் தொற்று. 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூடச் சொன்னது அரசாங்கம். டிசம்பரில் 29 வயது நேப்பாளித் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார்.

நவம்பரோடு முடிந்த அந்தக் காலாண்டில் நிறுவனத்தின் லாபம் 238 கோடி ரிங்கிட். ஜூலையில் அமெரிக்கா அதன் கையுறைகளைத் தடுத்த பிறகுதான் ஏஜெண்டுக் காசைத் தொழிலாளிகளுக்குத் திருப்பித் தர அது இறங்கி வந்தது. அந்தத் தொகை ஏறத்தாழ 13.6 கோடி ரிங்கிட்.