கோப்பு எழுதியவர் ஓட்டுக் கேட்டபோது

அரசுப் பணியிலிருந்து அரசியலுக்குப் போனவர்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் அஜித் ஜோகியைச் சொல்வார்கள். இந்தூரில் கலெக்டராக இருந்து, 1986ல் வேலையை விட்டு மாநிலங்களவைக்குப் போய், 2000ல் சத்தீஸ்கரின் முதல் முதலமைச்சர் ஆனவர். யஷ்வந்த் சின்ஹா பெயரும் வரும். எனக்கு நினைவுக்கு வருபவர் எச்.எம். படேல். எல்.ஐ.சி.யில் 33 வருடம் குப்பை கொட்டியவன் அந்தப் பெயரை மறக்க முடியாது.

ஹிருபாய் முல்ஜிபாய் படேல் 1904ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து ஐ.சி.எஸ். ஆனார். குஜராத்திக்காரர். 1947ல் நாட்டைப் பிரிப்பது என்று முடிவானதும், சொத்தையும் கடனையும் பங்கு போட இரண்டே அதிகாரிகள் கொண்ட ஒரு குழு போட்டார்கள். இந்தியா பக்கம் இவர், பாகிஸ்தான் பக்கம் சௌத்ரி முகமது அலி. ஜூன் 3ஆம் தேதி அறிவிப்பு, ஆகஸ்ட் 15 சுதந்திரம். நடுவில் எழுபத்து மூன்று நாள்தான். நம் வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கே எத்தனை வருடம் கோர்ட்டுக்கு அலைகிறோம்! ராணுவத் தளவாடம், ரயில் பெட்டி, ஆபீஸ் மேஜை நாற்காலி வரை பங்கு போட்டாக வேண்டும். தலைவர்கள் முகம் பார்த்துப் பேசாத நாட்களில்கூட இந்த இருவரும் உட்கார்ந்து கணக்கை முடித்தார்கள்.

முகமது அலி பின்னாளில், 1955ல், பாகிஸ்தானின் பிரதமரே ஆகிவிட்டார். அங்கே அப்போது பொதுத்தேர்தல் என்ற ஒன்றே நடந்திருக்கவில்லை. இங்கே படேல் பாதுகாப்புச் செயலர், பிறகு நிதித்துறையின் முதன்மைச் செயலர் என்று அதிகாரியாகவே உயர்ந்தார்.

அப்புறம் வந்தது முந்த்ரா விவகாரம். எங்கள் நிறுவனம் பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதெல்லாம் பாலிசிதாரர்களின் பணம். முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். மாமனார் நேருவின் அரசாங்கத்தைத்தான் கேட்டார். பம்பாய் தலைமை நீதிபதி சக்ளா பொது விசாரணை நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 24 நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணையின் முடிச்சு ஒன்றுதான். அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார் செயலர் படேல். நான் அப்படி ஒப்புதல் தரவில்லை என்றார் நிதியமைச்சர், நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. செயலரின் காரியத்துக்கு அமைச்சரே பொறுப்பு, அதிகாரியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பது சக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். படேலும் தப்பவில்லை. மேலும் விசாரணைகள் வந்தன. அவரும் அரசுப் பணியிலிருந்து விலகினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் எங்கள் சீனியர்கள் இதை ஒரு பாடமாகச் சொல்வார்கள். "வாயால சொன்னா செய்யாதேப்பா, எழுத்துல வாங்கு. முந்த்ரா கதை தெரியுமில்ல?" என்பார்கள்.

ஆனால் எனக்கு அதில் வேறொரு பாடமும் தெரிகிறது. இருவருமே விழுந்தார்கள். டி.டி.கே. 1962ல் திருச்செந்தூரில் போட்டியின்றித் தேர்வாகி, மறு வருடமே மீண்டும் நிதியமைச்சர் ஆனார். அரசியல்வாதிக்கு ஜனங்கள் என்று ஒரு மேல் கோர்ட் உண்டு. அங்கே போய் நிற்கலாம். அதிகாரிக்கு அது கிடையாது. பத்திரிகையில் பதில் எழுதக்கூட வழியில்லை.

படேல் என்ன செய்தார்? குஜராத்தில் வல்லப் வித்யாநகர் என்ற கல்லூரி ஊருக்குப் போய், அங்கிருந்த கல்வி அமைப்பின் பொறுப்பை ஏற்றார். அந்த ஊரை உருவாக்கிய பாய்காகா படேல் ஒரு இன்ஜினீயர். குஜராத்தில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குத் தூணாக இருந்தவர். படேலும் அந்தக் கட்சிக்கு வந்தார். லைசென்ஸ், பர்மிட் ராஜ்யம் என்று ராஜாஜி எதைத் திட்டினாரோ, அதை உள்ளே இருந்து நடத்திப் பார்த்தவர் இவர்!

1971ல் இந்திரா காந்தி அலை. சுதந்திராக் கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்தது எட்டே இடம். அந்த எட்டில் ஒன்று தந்துகா, வென்றவர் படேல். அப்போது அவருக்கு வயது 66. நம்மில் பலர் அந்த வயதில் வாக்கிங் போய்விட்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்போம். ஒரு காலத்தில் செயலர் அறை வாசலில் எத்தனையோ பேர் காத்திருந்திருப்பார்கள். இப்போது இவர் அடுத்தவர் வாசலில் நின்று கும்பிட வேண்டும். அதை அவர் செய்தார்.

1977ல் சபர்காந்தாவில் ஜனதா வேட்பாளராக வென்றார். மொரார்ஜி அவரை நிதியமைச்சர் ஆக்கினார். எந்தத் துறையிலிருந்து தலை குனிந்து வெளியேறினாரோ, 19 வருடம் கழித்து அதே துறைக்கு அமைச்சர்! பதவியேற்ற சில நாளில் அவர் படித்த இடைக்கால பட்ஜெட் உரை சுமார் 800 வார்த்தைதான். அவ்வளவு சின்ன பட்ஜெட் உரை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதிகாரியாக இருந்தவருக்குக் குறிப்பு எழுதச் சொல்லித்தரவா வேண்டும்?

1978 ஜனவரியில் 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. அன்றைய ரிசர்வ் வங்கி கவர்னர் ஐ.ஜி. படேல், இதனால் பெரிய பலன் வராது என்று நிதியமைச்சரிடம் நேரிலேயே சொன்னதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யோசனை சொன்னவர், அந்தப் பக்கம் உட்கார்ந்து மறுப்பைக் கேட்டுக்கொண்டார். அதற்கு அப்புறமும் அரசாங்கம் தன் முடிவை மாற்றவில்லை. கேட்பவர் நாற்காலி ஒன்று, பொறுப்பேற்பவர் நாற்காலி ஒன்று. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே.

1979ல் உள்துறைக்கு மாறினார். 1980ல் சபர்காந்தா காங்கிரஸுக்குப் போயிற்று. 1984ல் காங்கிரஸ் நானூறுக்கு மேல் ஜெயித்தபோது, 80 வயதில் அதே தொகுதியைத் திரும்பப் பிடித்தார். கரம்சத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும் அவர் முயற்சியால் வந்தவை. 1993ல் காலமானார்.

முந்த்ரா விஷயத்தில் படேல் சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். பாலிசிதாரர்களின் பணம் போனது போனதுதான், அதை நான் மழுப்ப மாட்டேன். அவர் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையை விசாரணைக் கமிஷனோடு விட்டுவிடாமல், ஊர் ஜனங்களிடமும் போய் நின்றார். அவர்கள் ஒரு முறை அல்ல, மூன்று முறை அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். ஒரு முறை வேண்டாம் என்றும் சொன்னார்கள். அந்த நாலு தீர்ப்பையும் அவர் ஏற்றுக்கொண்டார்.