பிடி நடந்த எல்லையும் சங்கிலி அளந்த எல்லையும்

ஓர் ஊரின் எல்லை எது என்பதைச் சோழர் காலத்தில் ஒரு பெண் யானை காட்டியது. இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்தபோது, பிடியை நடத்தி, அது சுற்றி வந்த வழியையே எல்லையாகக் கொண்டனர். உடன் நடந்தோர் சாட்சிகளாயினர். அக்காலத்தார் அளவை அறியாதவரல்லர். வயலை நுண்ணிய பின்னங்கள் வரை அளந்தனர். ஆயினும் அவர்கள் அளந்தது ஊரின் நிலத்தை. பூமிப் பரப்பில் அவ்வூர் எங்கே உள்ளது என்பதை அன்று.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைக்கு வந்த நாட்டின் அளவைக் கும்பினியார் அறிய விரும்பினர். வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி 1800-இல் பெங்களூருக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து பார்த்தார். பின்னர், 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார்.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் எஞ்சிய பக்கங்களைக் கணக்கிடலாம். அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மலையுச்சிகளுக்கும் கோபுரங்களுக்கும் ஏற்றி, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக மேற்கே சென்றனர். 1804-இல் பெங்களூரில் மீண்டும் ஓர் அடிக்கோட்டை அளந்து கணக்கோடு ஒப்பிட்டனர். வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு! மங்களூர்க் கடற்கரையை எட்டியபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய படங்கள் காட்டியதைவிட நாற்பது மைல் குறைவு என்பது புலனாயிற்று.

இதனால் விளைந்த மாற்றம் யாது? முன்னர் எல்லை ஊராரின் நினைவிலும் காலடியிலும் இருந்தது. படம் வந்தபின், ஊரைக் காணாதவரும் அதன் எல்லையை வகுக்கலாம் என்றாயிற்று. 1947-இல், அதற்கு முன் இந்தியாவுக்கே வந்திராத சிரில் ராட்கிளிஃப், பஞ்சாபையும் வங்காளத்தையும் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் கோடிட்டுப் பிரித்தார். அக்கோட்டைக் கடந்து இலட்சக்கணக்கானோர் வீடிழந்து ஓடினர். அளவின் நுட்பம் வேறு, நீதி வேறு என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இன்று பெங்களூர் விவேக் நகரின் குறுகிய தெருவொன்றில் நிற்பவருக்கு, அவர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் துணையால் கைப்பேசி சில மீட்டர் பிழைக்குள் காட்டிவிடுகிறது. 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தின்படி, டிரோன்கள் கிராமத்து மனைகளைப் படமெடுக்கின்றன. ஆயினும் டிரோன் பறக்குமுன், உரியவர்கள் முன்னிலையில் ஒவ்வொரு மனையின் எல்லையும் தரையில் சுண்ணாம்பால் குறிக்கப்படுகிறது. எவருடையது எது என்பதை வானிலிருந்து காண இயலாதன்றோ? பிடியின் பின்னே நடந்த சாட்சிகளின் பணி இன்னும் முடியவில்லை.