பூப்பும் முதிர்ச்சியும்: 1891ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

பெண்ணின் பருவ வளர்ச்சியைப் பூப்பு என்னும் ஒரு நிகழ்வினால் அளவிடுதல் நெடுங்கால வழக்காகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் எழுந்த சட்ட விவாதமொன்றின் மையப் பொருளாக அவ்வழக்கே அமைந்தது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை, 10 வயதைக் கடந்த மனைவியைக் கணவன் கூடுவதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. 1890இல் கல்கத்தாவில் விசாரிக்கப்பட்ட வழக்கொன்று இதன் கொடுமையை வெளிப்படுத்திற்று. ஏறத்தாழ 11 வயதினளான பூல்மணி தாசி, வளர்ந்த ஆடவனாகிய தன் கணவனால் ஏற்பட்ட காயத்தினால் இறந்தாள். அவள் 10 வயதைக் கடந்திருந்தமையால் வல்லுறவுக் குற்றம் சாட்டுதல் இயலாதாயிற்று. கணவன் பெற்றது ஓராண்டுக் கடூழியச் சிறை மட்டுமே. இதன்பின் வலுப்பெற்ற கிளர்ச்சியின் பயனாக, 1891 மார்ச் மாதத்தில் அவ்வயதெல்லை 12 ஆக உயர்த்தப்பட்டது.

சட்டத்தை எதிர்த்தோரின் வாதம் கவனிக்கத்தக்கது. முதற்பூப்பை அடுத்துக் கர்ப்பாதானச் சடங்கு நிகழ்தல் வேண்டும். 12 வயதின் முன் பூப்பெய்துவோரும் உளர். எனவே இச்சட்டம் சமயக் கடமைக்குத் தடையாகும் என்றனர். பூப்பெய்தியவள் மணவாழ்வுக்கு முதிர்ந்தவள் என்னும் எண்ணமே இவ்வாதத்தின் அடிப்படையாகும்.

பிற்கால ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. இங்கிலாந்தின் ஹார்ப்பெண்டனிற் சிறுவர் இல்லமொன்றின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளவிடப்பட்டனர். அவர்களுள் 192 சிறுமியர் பற்றி மார்ஷல், டானர் ஆகியோர் 1969இல் கட்டுரையொன்றை வெளியிட்டனர். மார்பக வளர்ச்சி சராசரியாக 11.2 வயதளவில் தொடங்க, முதற்பூப்பு 13.5 வயதளவிலேயே நிகழ்ந்தது. உயர வளர்ச்சி உச்ச வேகத்தைக் கடந்த பின்னரே பூப்பு வந்தது. பூப்பின் பின்னரும் சில காலம் கருமுட்டை வெளிப்படாத மாதவிடாய்கள் பல நிகழ்வதுண்டு. இடுப்பெலும்பின் வளர்ச்சியும் தொடர்கின்றது. எனவே பூப்பு நீண்டதொரு மாற்றத்தின் இடையே தோன்றும் அடையாளமேயன்றி அதன் முடிவன்று.

அவ்வடையாளம் தோன்றும் காலமும் மாறாததன்று. ஐரோப்பாவில் உணவும் சுகாதாரமும் மேம்பட, பூப்பின் சராசரி வயது குறைந்து சென்றது. பூப்பையே அளவுகோலாகக் கொள்ளின், நன்கு உண்டு வளர்ந்த சிறுமியே பிறரினும் முன்னதாக மனைவியாக்கப்படுவாள்.

1891ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த எல்லை மிகக் குறைந்ததே. எனினும் உடற்குறியை விடுத்து வயதைக் கொள்ளும் நெறியை அது கைவிடவில்லை. 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என வகுத்தமையும் அந்நெறி பற்றியே. சிறுமியின் வளர்ச்சி அவளுக்கே உரியது. அதனைப் பிறருக்கு வழங்கப்பட்ட அனுமதியாகக் கொள்ளுதல் தகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.