காலி பாக்கெட் கொடுத்தா ஷாம்பு ஃப்ரீ... 15 ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்த ‘சிக்’ ஜெயித்தது எப்படி?

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். விலை கிட்டத்தட்ட ஒன்று, நுரையும் ஒன்றுதான். அப்புறம் ஏன் ஒரு பிராண்டை மட்டும் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம்? கடலூரில் இருந்து கிளம்பிய ‘சிக்’ ஷாம்புவின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

பாக்கெட் ஐடியா யாருடையது?

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் முன்னோடி. பணக்காரர்கள் டப்பாவிலும் பாட்டிலிலும் வாங்கும் பொருளை ரிக்‌ஷா தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகவே டால்கம் பவுடரைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் போட்டார். அவர் மறைவுக்குப் பின் மகன்கள் ‘வெல்வெட்’ ஷாம்புவை பாக்கெட்டில் விற்று, தென்னிந்தியா முழுக்க கலக்கினார்கள்.

வீட்டை விட்டு வந்த தம்பி

குடும்பத் தொழிலில் கருத்து வேறுபாடு. மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் சொத்தில் பங்கு வேண்டாம் என்று வெளியேறினார். கையில் இருந்தது 15,000 ரூபாய். 1983-ல் ‘சிக்’ பிறந்தது. பேரே அப்பாவின் பெயரில் இருந்து எடுத்ததுதான்.

சிக்கல் இங்கேதான். அவருக்குத் தெரிந்த தொழில் ஷாம்பு, தெரிந்த வடிவம் பாக்கெட். இரண்டுமே சொந்த அண்ணன்மாரிடம் ஏற்கெனவே இருக்கிறது! பெரிய நிறுவனங்களின் போட்டி தனி.

திருப்புமுனை எது?

‘எந்த கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் இலவசம்’ என்று அறிவித்தார். யோசித்துப் பாருங்கள், போட்டியாளரின் வாடிக்கையாளர் யார் என்று தேடி அலையவே வேண்டாம். அவர்களே காலி பாக்கெட்டோடு கடைக்கு வந்து நின்றார்கள். கேட்டு வரும்போது கடைக்காரரும் சிக் வாங்கி வைக்காமல் முடியுமா?

கொஞ்ச நாளில் விதியை மாற்றினார்: இனி சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம். இந்தத் திட்டத்தில் மாத விற்பனை 35,000 பாக்கெட்டில் இருந்து 12 லட்சத்துக்கு எகிறியது என்பது ரங்கநாதனே பேட்டியில் சொன்ன கணக்கு.

அடுத்து மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. தலையில் பூ வைக்கும் ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்! நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார். சோப்பு போட்டே தலை குளித்துப் பழகிய கிராமங்களில், ஊர் நடுவே சிறுவர்களுக்குத் தலை குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். 1999-ல் 50 பைசா பாக்கெட்டும் வந்தது.

கம்பெனி பெயர் 1998-ல் ‘கெவின்கேர்’ ஆனது. கவின் என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்குள் அப்பாவின் இனிஷியலான சி, கே இரண்டும் ஒளிந்திருக்கும்.

இப்போது நிலைமை என்ன?

பாக்கெட் இன்று யாருக்கும் தனி அடையாளம் இல்லை. பன்னாட்டு கம்பெனிகளும் அதையேதான் தொங்கவிடுகின்றன. போதாக்குறைக்கு, பல அடுக்கு பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறையை மறுசுழற்சி செய்வதும் கஷ்டம். அன்று காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்க ஆள் இருந்தது, இன்று அது சாக்கடையில் கிடக்கிறது.