தாயின் உடல்நிலையும் குழந்தையின் பிறவிக் குறைபாடுகளும்

பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 2 அல்லது 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. இவற்றுள் பலவற்றுக்குக் காரணம் அறியப்படவில்லை. எனவே தாயைக் குறை கூறுவது தவறு. எனினும், சில அபாயங்களை முன்கூட்டியே குறைக்க இயலும்.

வயது: டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாய்க்கு 35 வயதாகும்போது ஏறத்தாழ 350இல் 1, 40 வயதில் 100இல் 1.

நீரிழிவு: கருத்தரிக்கும் முன்பே உள்ள நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லையெனில், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் பாதிக்கப்படலாம்.

மருந்துகள்: வலிப்பு நோய்க்கான சோடியம் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடும். அதனை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்; கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரை அணுகி மாற்று மருந்து குறித்துக் கேளுங்கள்.

உறவுத் திருமணம்: தாய்மாமன், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் மரபியல் ஆலோசனை பெறுதல் நன்று.

ஃபோலிக் அமிலம்: மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது பலர் தாம் கருவுற்றதையே அறிந்திருப்பதில்லை. ஆகவே, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்கி, முதல் 12 வாரங்கள் வரை தொடருங்கள். முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்திருப்பின், கூடுதல் அளவு தேவைப்படும், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ரூபெல்லா தடுப்பூசியைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே செலுத்திக்கொள்ள வேண்டும். மது, புகையிலை ஆகியவற்றை அறவே தவிர்த்திடுங்கள். எந்த வயதினராயினும், 18 முதல் 20 வாரங்களுக்குள் ஸ்கேன் பரிசோதனையைத் தவறாது செய்துகொள்ளுங்கள்.